பிப்ரவரிதானே என்று சொன்னேன்

எங்கள் கட்டட சைட்டில் நடந்த விபத்துக்கான அறிக்கையில் நான் எழுதிய ஒரு சொல் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘எதிர்பாராத வெயில்.’ 2025 பிப்ரவரி 25, மும்பை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் அன்றைக்குப் பதிவானது 38.7 டிகிரி, வழக்கத்தைவிட கிட்டத்தட்ட 6 டிகிரி அதிகம். எதிர்பாராததுதான் என்று யாரிடமும் வாதாடலாம். ஆனால் வானிலைத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை முந்தின நாளே வந்துவிட்டது. காலையில் டீ குடிக்கும்போது போனில் அதைப் பார்த்தேன்.

ஒன்பதரை மணிக்கு முகாதம், அதாவது கூலியாட்களின் மேஸ்திரி, வந்தார். “சாப், இன்னைக்கு மத்தியானம் கான்கிரீட் வேண்டாம், ராத்திரி போட்டுக்கலாம்” என்றார். “பிப்ரவரிதானே, இன்னும் குளிர்காலமே முடியலையே” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் மறுபடி கேட்கவில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி கான்கிரீட் போட முடியாது என்பது உண்மை. சுற்றிலும் குடியிருப்பு, பத்து மணிக்கு மேல் பம்ப் ஓடினால் போலீஸ் வந்துவிடும். காலை நெரிசல் தீரும்வரை மிக்ஸர் வண்டிகளும் வராது. பம்ப் அன்றைக்குத்தான் கிடைத்தது. இதெல்லாம் சரியான காரணங்கள்தான், ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை. மாதத்தின் பெயரைத்தான் சொன்னேன். எங்கள் சைட்டில் 12 முதல் 4 வரை வெயில் ஓய்வு ஏப்ரலில்தான் தொடங்கும், அதனால் வாயில் அதுதான் வந்தது.

கான்கிரீட் விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. கலவை சூடாகாமல் இருக்க, அதைத் தயாரிக்கும் பிளான்ட்டில் ஐஸ் போடச் சொன்னோம். ஒவ்வொரு வண்டியிலும் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினேன், 40 டிகிரியைத் தாண்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கம்பி சுடக் கூடாது என்று தண்ணீர் அடித்தோம், ஐந்து நிமிடத்தில் காய்ந்தது. மேலே நின்ற ஆட்களின் சூட்டைப் பார்க்க எந்த ரிஜிஸ்டரும் இல்லை. மத்தியானத்துக்கு முன்பே வர வேண்டிய கடல்காற்று வரவில்லை, கிழக்கேயிருந்து அனல்தான் அடித்தது.

இரண்டு மணி வாக்கில், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்திருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அதன் ஊசி கான்கிரீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை காய்ந்து, முதுகில் உப்பு கோடு கோடாக வெளுத்திருந்தது. ஏதோ பேசினார், முகாதத்துக்கே புரியவில்லை. கான்கிரீட்டை நனைக்க வைத்திருந்த க்யூரிங் குழாயை இழுத்து அவர்மேல் தண்ணீர் அடித்தபடி வண்டி பிடித்தோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து ஊருக்குப் போய்விட்டார்.

பீகாரிலிருந்து வந்து நாலே நாள் ஆகியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அங்கே குளிர். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று இரண்டு வாரமாவது வேண்டும். மே மாதத்தில் இதே 38 டிகிரியை அவர் தாங்கியிருக்கலாம். குளிர்காலத்தில் அடிக்கும் வெயிலின் ஆபத்தே இதுதான், நாமும் தயாராக இருப்பதில்லை, உடம்பும் தயாராக இருப்பதில்லை. 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் 1901-லிருந்து இல்லாத அளவுக்கு இருந்தது, மும்பை அடங்கிய கொங்கண் கடற்கரைக்கு அப்போதும் எச்சரிக்கை வந்தது. பூமி சூடாகிறது என்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் சைட்டில் காலண்டரைத்தான் நம்பினேன்.

ஓய்வு நேரத்தைத் தேதி பார்த்து வைக்காமல் டிகிரி பார்த்து வைக்கலாம் என்று கம்பெனிக்கு மெயில் போட்டேன். “எத்தனை டிகிரி?” என்று கேட்டார்கள். கடலோரத்தில் 37 தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருந்தால் வெப்ப அலை என்பது வானிலைத் துறைக் கணக்கு, அதனால் 37 என்று எழுதினேன். 36-இல் முகாதம் வந்து நின்றால் என்ன சொல்வேன்? பம்ப் அன்றைக்குத்தான் கிடைத்திருந்தால்?

நல்ல மெயில் என்று பாராட்டினார்கள். முகாதம் காலையிலேயே வந்து கேட்டார் என்பதை அதிலும் நான் எழுதவில்லை.