எக்ஸிட் கோடு 137 வந்தால் உடனே ரேமைச் சந்தேகப்படாதீர்கள்

மூன்று நாள் வீணாகப் போன கடுப்பு இன்னும் தீரவில்லை. எங்கள் பொது லினக்ஸ் சர்வரில் என் சி++ சிமுலேஷன் பாதியிலேயே செத்துக்கொண்டிருந்தது. லாகில் ஒரு வரி கூட இல்லை. எக்ஸிட் கோடு (ப்ரோக்ராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) மட்டும் 137. அதாவது 128-உம் 9-உம்: சிக்னல் ஒன்று கொன்றால் 128-உடன் அதன் எண் சேரும், 9 என்பது சிக்கில் (SIGKILL), ப்ராசஸை அந்த இடத்திலேயே கொல்லும் சிக்னல்.

அட்மினிடம் போனேன். "137-ஆ? மெமரி பத்தலை. உங்க கோடைப் பாருங்க சார்" என்று திரைக்குத் திரும்பிவிட்டார். நானும் நம்பி இரண்டு நாள் உட்கார்ந்து அரே (array) எல்லாவற்றையும் சுருக்கினேன். அப்புறமும் 137. கெர்னல் லாகில் ஊம் கில்லர் (OOM killer, மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) வந்துபோன தடயமே இல்லை. அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

துப்பு கொடுத்தது கடிகாரம்தான். 8 த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஓட்டினால் ஏழரை நிமிடத்தில் சாகிறது, 4-ல் ஓட்டினால் 15 நிமிடம். பெருக்கினால் இரண்டும் 60! ப்ராக் (/proc) கோப்புறையில் அந்த ப்ராசஸின் வரம்புகளைக் காட்டும் லிமிட்ஸ் கோப்பைத் திறந்தேன். சிபியு நேரத்துக்கு (எல்லா த்ரெட்டும் சேர்ந்து எடுக்கும் நேரம்) நேரே 3600, 3600 நொடி, அதே 60 நிமிடம். சாஃப்ட் (எச்சரிக்கை வரம்பு), ஹார்ட் (இறுதி வரம்பு) இரண்டும் ஒரே எண்.

சாஃப்டைத் தாண்டினால் கெர்னல் சிக்எக்ஸ்சிபியு (SIGXCPU) என்ற எச்சரிக்கை சிக்னலை அனுப்பும். அதைப் பிடித்துச் சுதாரித்துக்கொள்ளலாம். ஹார்டைத் தொட்டால் சிக்கில், பிடிக்கவே முடியாது. இரண்டும் சமமாக இருந்தால் எச்சரிக்கை இல்லாமல் நேரே சாவுதான்.

சாஃப்டை இறக்க யார் அனுமதியும் வேண்டாம், ஸ்கிரிப்டில் ஒரு யூலிமிட் (ulimit, வரம்பை மாற்றும் கட்டளை) வரி போதும். முதலில் 3590 வைத்து ஏமாந்தேன். மிச்சம் 10 சிபியு நொடி என்பது 8 த்ரெட்டுக்கு ஒன்றேகால் நொடிதான். செக்பாயின்ட் கோப்பு (விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிக்கும் நிலை) பாதியில் அறுந்து கிடந்தது. 3000 வைத்ததும் சரியாகிவிட்டது. ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஒரு ஃப்ளாகை, அதாவது அடையாள மாறியை, மட்டும் ஏற்றுங்கள், கோப்பை மெயின் லூப் எழுதட்டும். சிக்னல் ஒவ்வொரு சிபியு நொடிக்கும் மறுபடி வரும், பதற வேண்டாம்.

வரம்பை உயர்த்தச் சொல்லப் போகிறவர்கள் கவனிக்க: அட்மின் வரம்பு வைக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் (limits.conf) கோப்பில் சிபியு கணக்கு நிமிடத்தில், யூலிமிட்டில் நொடியில். எனக்கு உயர்த்தித் தரவில்லை. செக்பாயின்டிலிருந்து தொடர்ந்து அடுத்தடுத்து ஓட்டிக்கொள்ள மட்டும் சரி என்றார்கள். புது ப்ராசஸுக்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அது போதும்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு விட்டேன். பதினொன்றேகாலுக்கு, பதினோராவது ஓட்டத்தில், எக்ஸிட் கோடு 0, வேலை முழுசாக முடிந்தது.