சமூக வன வள உரிமைக்கு நாங்கள் மனுப் போட்ட கதை

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது எங்கள் இருளர் ஊர். காப்பகம் அறிவிக்கப்பட்டது 2013-இல். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே நாங்கள் இங்கேதான். ஊர் வழிவழியாகப் புழங்கிவரும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். இதுதான் சமூக வன வள உரிமை. அதற்கான மனுதான் சி படிவம். வன உரிமைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டதால் எழுத்து வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

புலிகள் காப்பகத்தில் இதெல்லாம் கிடைக்காது என்று பலர் சொன்னார்கள். பக்கத்து பிலிகிரி ரங்கசாமி மலையும் புலிகள் காப்பகம்தான். அங்கே சோளகர் பழங்குடி மக்களுக்கு 2011-லேயே சமூக உரிமை கிடைத்ததை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஊர் நம்பியது.

முதல் மனு திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது. சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நாங்கள் கூட்டியதோ சீமாறு அறுக்கும் சமயத்தில். பெண்கள் எல்லாரும் காட்டில். அப்புறம் கோயில் நோன்பு முடிந்த மறுநாள் காலையில் கூட்டினோம். திண்ணை கொள்ளவில்லை.

சாட்சியம் குறைந்தது இரண்டு வகை வேண்டும். பழைய காகிதம் எங்களிடம் ஏது? பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினாலும் செல்லும், இடுகாடும் செல்லும் என்று விதியில் இருக்கிறது. எழுபது தாண்டிய பாட்டி ஒருவர் முன்னால் நடந்தார். ஓடையைத் தாண்டி ஒரு மரத்தடியில் நின்று, கைத்தடியால் சருகை விலக்கினார். உள்ளே வரிசையாக உருண்டைக் கற்கள். இறந்தவருக்கு ஒரு கல் என்று ஆற்றிலிருந்து எடுத்துவந்து வைப்பது எங்கள் வழக்கம். "இது எங்க மாமியா. அந்தாண்ட இருக்கறது அவங்க மாமியா" என்றார். செல்போனில் அந்த இடத்தைக் குறித்தபோது என் கை நடுங்கியது.

எல்லை பார்க்கும் நாளை வனத்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். வந்த வனக்காப்பாளரே எங்கள் வரைபடத்தில் ஓடை திரும்பும் இடத்தைத் திருத்திக் கொடுத்தார்.

மனுவோடு எங்கள் கட்டுப்பாடுகளையும் தீர்மானமாக எழுதிச் சேர்த்தோம். நெல்லிக்காய்க்காகக் கிளை ஒடிக்கக் கூடாது. உச்சிக் காய் மானுக்கு. மரத்தில் புல்லுருவி கண்டால் அறுத்துவிட வேண்டும். நிறைய நேரம் பேசியது உண்ணிச்செடியைப் பற்றி. அது மண்டிய இடத்தில் புல் இல்லை, காட்டெருமைக்கு மேய்ச்சல் இல்லை. வருடத்துக்கு ஒரு துண்டு என்று வேரோடு பிடுங்குவதாக முடிவு. உரிமை கேட்கும்போதே பொறுப்பையும் எழுதிக் கொடுத்ததுதான் இந்த மனுவிலேயே எனக்குப் பிடித்த பக்கம்.

கிராம சபையின் மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினேன். இப்போது கோப்பு, இறுதி முடிவு எடுக்கும் மாவட்டக் குழுவில் இருக்கிறது. இதற்கிடையே ஓடைக்கரையில் முதல் துண்டு உண்ணிச்செடியைப் பிடுங்கி முடித்தோம். கற்கள் இருக்கும் மரத்தடிக்கு இப்போது பாட்டி குனியாமலே போய் வருகிறார்.