மகளோடு உட்கார்ந்து சார்புகள் படித்த அனுபவம்

மகள் படிவம் 4-க்குப் போனதும் கூடுதல் கணிதம் எடுத்துக்கொண்டாள். அதில் முதல் அத்தியாயமே சார்புகள்தான். பள்ளியில் 'ஃபுங்சி' என்று மலாயில் நடத்துவார்கள். நான் எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதிய காலத்தில் சாதாரணக் கணிதத்தோடு நின்றுவிட்டவள். லங்காப் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடை கிராணி (எழுத்தர்) வேலை. நல்ல டியூஷன் வேண்டுமென்றால் தெலுக் இந்தான் போக வேண்டும், இரவில் திரும்பி வர வண்டி கிடையாது. சரி, நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன் என்று ஆரம்பித்தோம். இப்போது அவள் படிவம் 5. இடையில் எது எங்களுக்குக் கதவைத் திறந்தது என்பதை, இதே பாடத்தோடு வீட்டில் பிள்ளைகள் மல்லுக்கட்டுவதைப் பார்க்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

அவளுக்கு வரைபடம் போடத் தெரியும். அட்டவணை போடுவாள், −3 முதல் 3 வரை எண்களைச் சமன்பாட்டில் இட்டு விடை எடுப்பாள், புள்ளி வைப்பாள், வளைவாகச் சேர்ப்பாள். கையெழுத்து மாதிரி அழகாகவே வரும். ஆனால் அட்டவணையை மூடிவிட்டு, "இது எந்தப் பக்கம் ஏறும், எங்கே திரும்பும், சொல்லும்மா" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சமன்பாடும் படமும் அவளுக்கு இரண்டு தனித்தனிச் சங்கதியாக இருந்தன. அதனால் வரைபடத் தாளை எடுத்து வைத்துவிட்டு, சார்பு என்றால் என்ன என்ற இடத்துக்கே திரும்பிப் போனோம்.

அங்கே எனக்குக் கைகொடுத்தது என் மேசைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும்போது ஓர் எடை. இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது ஓர் எடை. கழித்தால் நிகர எடை. ஒவ்வொரு சீட்டு எண்ணுக்கும் ஒரே ஒரு நிகர எடைதான் இருக்க முடியும். ஒரு சீட்டுக்கு இரண்டு எடை என்றால் அந்தக் கணக்கே செல்லாது. ஆனால் இரண்டு வேறு சீட்டுகளுக்கு ஒரே எடை வரலாம், அதில் தப்பில்லை. சார்பின் இலக்கணம் இவ்வளவுதான்: உள்ளே ஒன்று போட்டால் வெளியே ஒன்றே ஒன்று வர வேண்டும். வரைபடத்தின் மேல் நிலைக்குத்துக் கோடு போட்டுச் சோதிப்பதும் இதைத்தான். கோடு படத்தை இரண்டு இடத்தில் வெட்டினால் ஒரு சீட்டுக்கு இரண்டு எடை என்று பொருள். வட்டம் ஏன் சார்பாகாது என்பதை அவளே சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா எடையைச் சொன்னால் சீட்டைச் சொல்ல முடியுமாம்மா?" என்று அடுத்துக் கேட்டாள். அன்றைக்கு 8.42 டன்னில் இரண்டு லோரி வந்திருந்தால் முடியாது. வெளியே வந்ததை வைத்து உள்ளே போனதைத் திருப்பிச் சொல்லும் நேர்மாறு சார்பு எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்ற பாடம் அந்தக் கேள்விக்குள் முழுசாக இருக்கிறது.

அப்புறம்தான் வரைபடத் தாளை மறுபடியும் எடுத்தோம். பாடநூல் சமன்பாட்டை விட்டுவிட்டு மின்கட்டணத்தை வரைந்தோம். இதை எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். தீபகற்ப மலேசியாவில் 2014 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை வீட்டுக் கட்டணம் படிப்படியாக இருந்தது: முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென், அடுத்த 300-க்கு 51.60 சென். அதற்கு மேலும் படிகள் உண்டு, நாங்கள் 600 வரை போதும் என்று வைத்துக்கொண்டோம். வரி போன்ற மற்றவற்றைச் சேர்க்கவில்லை. கிடை அச்சில் யூனிட், செங்குத்து அச்சில் வெள்ளி (ரிங்கிட்). 200 யூனிட்டில் 43.60 வெள்ளி, 300-இல் 77 வெள்ளி, 600-இல் 231.80 வெள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் 200-இலும் 300-இலும் முழங்கை மடக்கிய மாதிரி ஒரு கோடு வரும்.

அந்த மடங்கலைப் பார்த்துக்கொண்டே நிறைய பேசினோம். சாய்வு என்பது இங்கே ஒரு யூனிட்டின் விலை. விலை ஏறினால் கோடு நிமிர்கிறது. 200-ஐ ஒரு யூனிட் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள் என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது உண்மையாக இருந்தால் 200-இல் கோடு அறுந்து, 43.60-இலிருந்து 67-க்கு மேல் ஒரே தாவாகத் தாவியிருக்க வேண்டும். எங்கள் கோடு மடங்கியதே தவிர எங்கும் அறுபடவில்லை. 201-ஆவது யூனிட் கூட்டியது 33.40 சென் மட்டும்தான். வரைபடம் என்பது பரீட்சைக்குப் போடும் படம் அல்ல, ஒரு பேச்சை மெய்யா பொய்யா என்று சோதிக்கும் கருவி என்று அவள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நுணுக்கம். அந்தக் கட்டண முறையில் குறைந்தபட்சக் கட்டணம் மாதம் 3 வெள்ளியாக இருந்தது. ஆகவே கோடு பூச்சியத்தில் தொடங்காது. 13 யூனிட் தாண்டும்வரை 3 வெள்ளி உயரத்தில் படுத்தே கிடக்கும், அதற்குப் பிறகுதான் ஏற ஆரம்பிக்கும். 154.40 வெள்ளி என்று பில்லைக் காட்டினால் 450 யூனிட் என்று திருப்பிச் சொல்லலாம். 3 வெள்ளி பில்லைக் காட்டினால் வீடு பூட்டிக் கிடந்ததா, ஒரு பல்பு எரிந்ததா என்று சொல்ல முடியாது. நேர்மாறு சார்பு எந்த இடத்தில் தோற்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். கிடைக்கோடு படத்தை ஓரிடத்துக்கு மேல் தொட்டால் நேர்மாறு இல்லை என்று சொல்லும் கிடைக்கோட்டுச் சோதனையை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"விலைக்கு விலை வேறு சமன்பாடு எழுதுகிறோமே, இது ஒரு சார்பா, பல சார்பா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு சார்புதான். 1837-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே இதைத் தெளிவாக்கினார்: ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு மதிப்பு உறுதியாகக் கிடைத்தால் போதும், எல்லா இடத்துக்கும் ஒரே சூத்திரம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கூட்டுச் சார்பு எங்களுக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. குலையின் எடையிலிருந்து எண்ணெயின் எடை, எண்ணெயின் எடையிலிருந்து பணம். நம் நாட்டு ஆலைகளில் 100 டன் குலைக்கு ஏறத்தாழ 20 டன் கச்சா எண்ணெய் கிடைக்கும். முதல் சார்பு 0.2-ஆல் பெருக்குகிறது, இரண்டாவது எண்ணெய் விலையால் பெருக்குகிறது. புத்தகத்தில் 'ஜிஎஃப்(எக்ஸ்)' என்று எழுதியிருந்தால் எக்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் எஃப்தான் முதலில் வேலை செய்யும். முதலில் பிழிய வேண்டும், அப்புறம்தான் விற்க வேண்டும்.

எங்களை அதிகம் காக்க வைத்தது வரைபடத்தின் நகர்வு. எஃப்(எக்ஸ்) + 2 என்றால் படம் 2 மேலே போகும், அதில் சிக்கல் இல்லை. எஃப்(எக்ஸ் − 2) என்றால் ஏன் வலப்பக்கம் போகிறது? கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? "உள்ளே இருந்தால் எதிர்ப்பக்கம்" என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியாமல் பாடமாக்கியது பரீட்சைப் பதற்றத்தில் முதலில் மறந்துபோகும்.

மறுபடியும் ஆலைக்கே போனோம். காலை 7 மணியிலிருந்து எத்தனை மணி நேரத்தில் மொத்தம் எத்தனை டன் குலை வந்து சேர்ந்தது என்று வழக்கமான நாளுக்கு ஒரு கோடு வரைந்தோம். அதிகாலை மழை அடித்தால் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்தும் வேலை தொடங்காது, எல்லாமே இரண்டு மணி நேரம் பின்னால் போகும். அன்றைக்கு 11 மணிக்கு எவ்வளவு வந்திருக்கும்? வழக்கமான நாளில் 9 மணிக்கு வந்த அளவு. அதாவது இன்றைய கணக்கைத் தெரிந்துகொள்ளக் கடிகாரத்தில் இரண்டு மணியைக் கழித்துவிட்டுப் பழைய கோட்டில் பார்க்கிறோம். கழிப்பது பார்க்கும் இடத்தில். கோடோ தாமதமாகத் தொடங்குகிறது, அதனால் வலப்பக்கம் நிற்கிறது. தாளை விளக்குக்கு எதிரே பிடித்து ஒரு கோட்டை மற்றதன் மேல் நகர்த்திக் காட்டினேன். "ஓ, இதுவாம்மா!" என்றாள். அதன் பிறகு அவள் எந்தப் பக்கம் என்று தடுமாறி நான் பார்க்கவில்லை.

இது கைவந்த பிறகு இருபடிச் சார்பு தானாகவே இறங்கியது. எக்ஸ்² − 6எக்ஸ் + 5 என்பதை (எக்ஸ் − 3)² − 4 என்று மாற்றி எழுதினால் கதை முழுவதும் தெரிகிறது: சாதாரணப் பரவளைவு 3 வலப்பக்கம், 4 கீழே. உச்சிப் புள்ளி (3, −4). கிடை அச்சை 1-இலும் 5-இலும் வெட்டும், இரண்டுக்கும் நடுவில்தான் 3 இருக்கிறது. செங்குத்து அச்சில் 5. அட்டவணையே தேவையில்லை. முதலில் மனத்தால் ஒரு கிறுக்கல், பிறகு கணக்கு. கணக்கு கிறுக்கலோடு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ குறி தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கைப்பேசியில் ஜியோஜெப்ரா என்ற இலவசச் செயலி இருக்கிறது. எண்ணை நகர்த்த நகர்த்தப் படம் அசைவது பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனாலும் கையால் வரைந்து பழகிய பிறகே அதைக் கொடுத்தேன். முதலிலேயே கொடுத்தால் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்களே ஒழிய யோசிக்க மாட்டார்கள் என்பது என் திடமான எண்ணம்.

எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் முதல் தாள் 2 மணி நேரம், 80 மதிப்பெண். இரண்டாம் தாள் 2½ மணி நேரம், 100 மதிப்பெண். படத்தை வாசிக்கத் தெரிந்தால் இரண்டிலும் பலன் உண்டு. இப்போது அவள் சைன், கோசைன் வரைபடங்களில் இருக்கிறாள். போன வாரம் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தோம்: 0 முதல் 2பை வரை, சைன் 2எக்ஸ் = எக்ஸ்/2பை என்ற சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள்? இயற்கணிதத்தால் பிடித்து இழுத்தால் இது அசையாது. சைன் 2எக்ஸ் அந்த எல்லைக்குள் இரண்டு முழு அலை அடிக்கும். வலப்பக்கம் இருப்பது (0, 0)-இலிருந்து (2பை, 1) வரை போகும் நேர்கோடு. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தாள். கோடு முதல் மேட்டை இறங்கும் பக்கத்தில் ஒருமுறை வெட்டுகிறது, அடுத்த மேட்டை ஏற்றத்திலும் இறக்கத்திலும் வெட்டுகிறது. மூன்று என்று எழுதப் போனவள் பேனாவை நிறுத்தி, இரண்டும் சேர்ந்தே புறப்படும் தொடக்கப் புள்ளியையும் எண்ணினாள். 0-வும் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆகவே விடை நான்கு.