மாத்திரை கைக்கு வந்தது, கிளேம்தான் வரவில்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பார்மசியில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்குவதில் சிக்கலே இல்லை. மலேசியாவில் இதற்கு டாக்டர் சீட்டு கட்டாயமில்லை. மருந்தாளர் சில கேள்விகள் கேட்டு, பெயரைப் பதிந்துகொண்டு கொடுத்துவிடுவார். மதியம் மட்டும் போகாதீர்கள். அவர் சாப்பிடப் போயிருந்தால் கடையில் வேறு யாரும் இதை விற்கக் கூடாது. வெயிலில் நடந்து போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

கூத்து கிளேமில்தான். மாதவிடாயில் எனக்கு ரத்தப்போக்கு அதிகம். அதற்காகத்தான் டாக்டர் இந்த மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஆபீஸ் காப்புறுதிக்கு ரசீதை அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். போனை எடுத்த தம்பி குரலைத் தாழ்த்தி, “அக்கா, அது… ஃபேமிலி பிளானிங்காச்சே, கவரேஜ் இல்லை” என்றார். நோய்க்காகச் சாப்பிடுகிறேன் என்றேன். “அப்படின்னா சீட்டு இருக்கா?” சீட்டே தேவைப்படாத மருந்துக்குச் சீட்டு!

டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். அதுவும் திரும்பியது. முதல் வரியிலேயே ‘கர்ப்பத்தடை மாத்திரை’ என்று இருந்ததாம். கீழே இருந்த நோயின் பெயரை யாரும் படிக்கவில்லை. மறுபடி போய், நோயை மேலேயும் மருந்தைக் கீழேயும் போட்டு எழுதி வாங்கினேன். கடிதத்துக்குத் தனிக் கட்டணம் வேறு. ஆனால் அது வேலை செய்தது. வந்த பணம் இரண்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குத்தான் காணும். இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் வாங்கிய பணம்!

ரசீதில் ‘மருந்து’ என்று மட்டும் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள். மாத்திரையின் பெயரும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், உடனே படம் எடுத்து வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் கேட்டுச் சிரித்தாள். அங்கே 2024 முதல் ‘ஓபில்’ என்ற மாத்திரை சீட்டில்லாமல் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் காப்புறுதி பணம் தர வேண்டுமென்றால் பல திட்டங்களில் சீட்டு வேண்டுமாம். அங்கேயும் இதே கதைதான்.

கர்ப்பத்தடைக்காக மட்டும் எடுப்பவர்கள் முதலில் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் அதில் இருக்கும். இருந்தால் காப்புறுதியோடு மல்லுக்கட்டாமல் எல்பிபிகேஎன் (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) நடத்தும் கிளினிக்குக்கோ, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் தாய்சேய் பிரிவுக்கோ போய்விடுங்கள். செலவு குறைவு. காலையிலேயே போங்கள், மைகார்ட் (அடையாள அட்டை) மறக்க வேண்டாம்.