டெண்ட்டுக்கு எடம் பாக்குறதும் நாத்தங்காலுக்கு மேடு பாக்குறதும்

நேத்து ராத்திரி தங்கச்சி வீட்டுக்காரர் மாப்ள அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ல இருந்து போன் பண்ணாரு. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவங்க ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையில டெண்ட் அடிக்கணுமாம், நீங்க அங்க ஆறு வருஷம் இருந்தீங்கள்ல மச்சான், நல்ல எடமா நாலு சொல்லுங்கன்னாரு. இங்க திருத்துறைப்பூண்டில மூணு நாளா விடாத மழை, சம்பா வயல்ல தண்ணி நிக்குது, வடியவும் மாட்டேங்குது, அப்பா மம்முட்டிய தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் நடையா நடக்குறாரு, இந்த லட்சணத்துல எனக்கு டெண்ட் பேச்சு.

ஆனா ஒண்ணு, ரெண்டு ஊருக்கும் மழை மாசம் ஏறக்குறைய ஒண்ணுதான். நமக்கு ஐப்பசி கார்த்திகைன்னா அவங்களுக்கு நவம்பர் டிசம்பர். பனி கொட்டும்னு நெனச்சுப் போனா ஏமாந்துடுவீங்க, கடற்கரையில பனி ரொம்ப அபூர்வம், பகல்ல 10 டிகிரி, ராத்திரி 3, 4ன்னு இருக்கும், அந்தக் குளிர்ல மழையும் காத்தும் சேந்து அடிக்கும், அதுதான் ஆளக் கொல்லும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும் வேற.

மொத வருஷம் நான் பண்ண முட்டாள்தனத்த சொல்லிடுறேன். கடலுக்கு மொத வரிசையில எடம் காலியா இருக்கேன்னு சந்தோஷமா புக் பண்ணி அங்கயே டெண்ட்ட அடிச்சேன், ஏன் காலியா இருக்குன்னு யோசிக்கல. ராத்திரி பதினோரு மணிக்கு தெக்கேருந்து காத்து புடிச்சுது பாருங்க, கம்பி ஒடிஞ்சு துணி மூஞ்சில அப்பிக்கிச்சு, அடியில விரிச்ச தார்ப்பாய் டெண்ட்ட விட ஒரு முழம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்ததுல மேல பெஞ்ச மழை பூரா வழிஞ்சு உள்ள வந்துடுச்சு, விடியிற வரைக்கும் கார்லதான் கெடந்தேன். தார்ப்பாய உள்பக்கமா மடிச்சு விடணும்ங்குறது அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

மறுநாள் வீடியோ கால்ல அப்பாட்ட சொன்னா சிரிக்கல மனுஷன். டெண்ட்டுன்னா என்னன்னே தெரியாது அவருக்கு. "காத்து எங்கேருந்துப்பா வருது, தண்ணி எங்க வடியுது, பக்கத்துல மரம் என்ன மரம், ஓடணும்னா மேடு எங்க இருக்கு" அவ்ளோதான் கேட்டாரு. நாலுத்துக்கும் எனக்கு பதில் தெரியல. அதுக்கப்புறம் அஞ்சு வருஷமும் இந்த நாலு கேள்விய வச்சுத்தான் எடம் பாத்தேன், அதைத்தான் மாப்ளைக்கும் சொன்னேன்.

காத்து: அந்தக் கரையில குளிர்காலப் புயல் பெரும்பாலும் தெக்கு, தென்மேக்கேருந்து வரும், நம்ம கடக்கரையில சோழகம்னு சொல்றாங்கள்ல அந்தத் தெசை. அதனால கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற மலைமுனைக்கு வடக்கால ஒதுங்கணும். டெண்ட் அடிக்க எடம் தர்ற ஸ்டேட் பார்க்குல கேப் லுக்அவுட் அப்படித்தான், முனைக்கு வடக்க இருக்கு, ஆனா கடல் அரிக்கிற எடம், முன்னாடி வரிசை வேண்டாம். சன்செட் பேல பாறை ரெண்டு பக்கமும் கைய நீட்டுன மாதிரி வளைச்சு நிக்கும். பாண்டன் பக்கத்துல புல்லர்ட்ஸ் பீச், ஃப்ளாரன்ஸ் பக்கத்துல ஹனிமன் இதெல்லாம் கடல விட்டுத் தள்ளி மணல்மேட்டுக்குப் பின்னாடி. அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும்னு ஆசப்படுறவங்களுக்கு இது புடிக்காது, எனக்குத் தூக்கம்தான் முக்கியம். வேலை நடக்குதுன்னு சில பார்க்குகள திடீர்னு மூடிடுவாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கணும்.

தண்ணி வடியிறத கண்டுபுடிக்க பகல்லயே போய் சேரணும், இருட்டுல ஒண்ணும் தெரியாது. சருகு எங்க கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருக்கோ அதுவரைக்கும் தண்ணி நின்னுருக்குன்னு அர்த்தம், வெள்ளம் வடிஞ்சப்புறம் செவுத்துல சேத்துக் கோடு நிக்குமே அது மாதிரி. பச்சப்பசேல்னு புல்லு மெத்தையா இருக்குற எடம் பள்ளம், ஜல்லி போட்ட எடமே மேல். நாத்தங்காலுக்கு எடம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் தனியா சொல்லித்தர வேணாம்.

மரம் விஷயத்துல அப்பா சொன்னத மறக்கவே மாட்டேன். 2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் அடிச்சப்ப எங்க கொல்லையில ஒரு தென்னை பாக்கியில்ல. மழையில ஊறுன மண்ணுல மரம் நிக்காது, அது எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி. அங்க இருக்குற ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரமெல்லாம் ஈர மண்ணுல வேர ஆழமா விடாது, மேலாக்கத்தான் பரப்பும். அண்ணாந்து பாத்து, காஞ்ச கெளை தொங்குனாலோ மரம் சாஞ்சிருந்தாலோ வேற எடம் பாருங்க மாப்ளன்னேன்.

மணல்லயே டெண்ட் அடிக்கலாமான்னாரு. 1967ல சட்டம் போட்டு அந்த மாநிலத்துக் கடற்கரை பூரா பொதுமக்களுக்குன்னு ஆக்கிட்டாங்க, நடக்கலாம், உக்காரலாம், ஆனா ஸ்டேட் பார்க்குக்கு முன்னாடியும் பல ஊர் எல்லைக்குள்ளயும் டெண்ட் அடிக்கக்கூடாது. அடிக்கலாம்னே வச்சுக்கங்க, குளிர்காலத்துல நான் அடிக்க மாட்டேன். சொல்லாம கொள்ளாம ஒரு அலை மேல ஏறி வரும், கரையில கெடக்குற முழு மரத்தையே உருட்டிக்கிட்டுப் போவும். வருஷத்துலயே பெரிய ஓதமும் அந்த மாசங்கள்லதான்.

கடைசிக் கேள்வி மேடு. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு அப்பா நாகப்பட்டினத்துல இருந்தாரு, அத அவரு பேச மாட்டாரு, நாங்களும் கேக்க மாட்டோம். ஆரிகன்ல ரோட்டோரம் நீலக் கலர்ல சுனாமி போர்டு வச்சிருப்பாங்க, அந்தக் கரைக்கு எதுக்க கடலுக்கடியில கேஸ்கேடியான்னு ஒரு பிளவு, 1700 ஜனவரி 26ல பெருசா உலுக்கி அலை ஜப்பான் வரைக்கும் போயிருக்கு. சுமத்ரால உலுக்குனது நாகைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அங்க அவ்ளோ நேரமெல்லாம் கெடையாது, நிமிஷக் கணக்குதான். தரை ஆடுனா அதுதான் சைரன், சாமான எடுக்காம மேட்டுக்கு ஓடணும். போய் எறங்குனதும் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அந்த வழிய ஒரு தடவ நடந்து பாத்துடுங்கன்னேன், மாப்ள கொஞ்ச நேரம் பேசல.

இவ்ளோத்தையும் ஒரு மணி நேரம் சொல்லி முடிச்சேன். காலையில எந்திரிச்சா தங்கச்சி வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கா: "அண்ணே, டெண்ட்டெல்லாம் வேணாம், யர்ட் புக் பண்ணிட்டேன், ஹீட்டர் இருக்கு". வட்டமா துணிக்கூடாரம் மாதிரி இருக்கும், உள்ள கட்டில் போட்டிருப்பாங்க, 1994ல கேப் லுக்அவுட்ல ஆரம்பிச்சது. போட்டோவ அப்பாட்ட காட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு வெரலால பெருசு பண்ணிப் பாத்துட்டு, "கதவு எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு கேளு" அப்படின்னுட்டு மம்முட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.