பென் டிரைவிலிருந்து கணினி பூட் ஆகாதபோது

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவச் செருகிய பென் டிரைவிலிருந்து கணினி பூட் ஆகவில்லை (தொடங்கவில்லை) என்றதும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் புகுந்து கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். அதற்கு முன், கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கேற்ப மாறும் விசையை அழுத்திப் பூட் மெனுவைத் திறந்து, அங்கே பென் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதே முறை. விசைக்குக் கணினி பணியவில்லையெனில், விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

பெயரே தெரியாவிட்டால் வேறொரு போர்ட்டில் செருகிப் பார்த்துவிட்டு, பென் டிரைவ் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை ஆராய வேண்டும். நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தால் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் அதை எழுதியிருக்க வேண்டும். 64 பிட் கணினியில் பயாஸின் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ. தேடுவது, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த பகுதியில் இ.எஃப்.ஐ. என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில் இருக்கும் ஒரு தொடக்கக் கோப்பைத்தான். சிக்கல் என்னவென்றால், ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது; விண்டோஸ் நிறுவல் கோப்போ பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. அதனால் பென் டிரைவை என்.டி.எஃப்.எஸ். என்ற மற்றொரு கோப்பு முறையில் ஃபார்மட் செய்தால், அதைப் படிக்கத் தெரியாத கணினிகளில் அது பூட் ஆகாமல் போகிறது. ரூஃபஸ் இதற்காகவே என்.டி.எஃப்.எஸ். பகுதியுடன் ஒரு சிறிய ஃபேட் பகுதியையும் சேர்த்து எழுதுகிறது.

பெயர் தெரிந்தும், தேர்ந்தெடுத்தவுடன் மெனுவுக்கே திரும்பினால் அல்லது பாதுகாப்பு மீறல் என்ற செய்தி வந்தால், முறையாகக் கையொப்பமிடப்பட்ட பூட் கோப்புகளை மட்டுமே இயங்கவிடும் செக்யூர் பூட்டைச் சந்தேகிக்கலாம். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் பூட் கோப்புகள் முறையாகக் கையொப்பமிடப்பட்டவை என்றாலும், பழைய பதிப்புகளில் இருப்பவை பின்னர் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட்டை அணைப்பதைவிடப் புதிய ஐ.எஸ்.ஓ.வைத் தரவிறக்குவதையே நான் விரும்புவேன். அணைத்தே தீர வேண்டுமெனில், வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் விண்டோஸுக்குள்ளும் நுழைய முடியாமல் போகலாம்.

பூட் தொடங்கிப் பாதியில் நின்றால் பயாஸைத் தொடவே தேவையில்லை. ஐ.எஸ்.ஓ.வின் ஷா256 மதிப்பு (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு), தரவிறக்கிய தளத்தில் கொடுத்திருப்பதோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, பொருந்தினால் வேறொரு பென் டிரைவில் எழுதிப் பார்க்கலாம்.