கேஸ் மாத்திரை மாறிய கதை

அம்மாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துவைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது சீட்டில் இருந்தவை: குளோபிடோக்ரல் 75, ஆஸ்பிரின் 75, கொழுப்புக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் 40. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் இரண்டு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்பதால்தான் அமிலத்தைக் குறைக்கும் அந்தக் கடைசி மாத்திரை. எங்கள் குடியாத்தத்தில் அதற்குக் 'கேஸ் மாத்திரை' என்று பெயர். அதற்கு மேல் மரியாதை கிடையாது.

அட்டை தீர்ந்தபோது கடையில் ஓமிப்ரசோல் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான் அம்மா" என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்செரிச்சலும் அடங்கிவிட்டது. ஊருக்குப் போனவன் மாத்திரை டப்பாவை நிரப்பும்போதுதான் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்தேன்.

குளோபிடோக்ரல் விழுங்கிய நிலையிலேயே வேலை செய்யும் மருந்து அல்ல. கல்லீரலில் உள்ள நொதிகள், முக்கியமாக சி.ஒய்.பி.2சி19, அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஓமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் அந்த நொதியையே மந்தமாக்குகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் இதை எச்சரித்தது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் போட்டால் போதாதா என்றுதான் எனக்கும் தோன்றியது. 12 மணி நேர இடைவெளியும் உதவாது என்று அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது.

எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. அதிலும் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலை நிறுத்தினால் உள்ளே ரத்தம் உறைந்துவிடலாம். தொலைபேசியில் கேட்கலாம் என்றால் மருத்துவமனை எண் எடுக்கப்படவே இல்லை. வீட்டிலிருந்த அத்தனை அட்டைகளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காட்பாடி வழியாக வேலூர் போனோம். ஓ.பி. வரிசையில் வங்காளமும் தெலுங்கும்தான் காதில் விழுந்தன. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நாங்கள்தான் வெளியூர்க்காரர்கள்போல உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவர் அட்டைகளை மேசையில் பரப்பினார். ஓமிப்ரசோலைப் பார்த்துப் பதறவில்லை. "இதனால் மாரடைப்பு கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனால் பான்டோப்ரசோல் கையில் இருக்கும்போது இது எதற்கு?" என்றார். அவர் முகம் மாறியது வேறோர் அட்டையைப் பார்த்துத்தான்: முழங்கால் வலிக்கு அம்மா அவ்வப்போது கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட டைக்ளோஃபெனாக். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறவர் அதையும் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசிய அதிக வாய்ப்பு உண்டாம். மலம் தார்போலக் கறுத்துப் போனதா என்று கேட்டார். அம்மா இதைப்போய் என் முன்னால் கேட்கிறாரே என்று கூசிக்கொண்டே இல்லை என்றார். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்று எழுதினார்.

புதிய சீட்டில் 'ஓமிப்ரசோல், ஈசோமிப்ரசோல், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம்' என்று தமிழிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். அதன் நகலைக் கடைக்காரரிடம் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் வாங்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால் அட்டையில் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை அம்மாவே இப்போது கண்ணாடி போட்டுப் படிக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் தன் ஓமிப்ரசோலை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அவர் போடுவது வார்ஃபாரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு வகை மருந்து. அந்தக் கணக்கே வேறு. எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது அவருடைய மருத்துவரிடமே காட்டச் சொன்னேன்.